மூக்குக்காரர் தலையாட்டாத நாள்

இலைத்தூள் பாக்கெட் போடும் அந்தப் பட்டறையில் அவரை எல்லோரும் மூக்குக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். காய்ந்த புதினா, கொத்தமல்லி, ஆரிகானோ, பூண்டுத்தூள், மிளகு எல்லாம் கலந்தபின் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்ப்பார். அவர் தலையாட்டினால்தான் பாக்கெட் ஒட்டுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை.

போன மாதம் வந்த காய்ச்சல் வாசனையை வாரிக்கொண்டு போய்விட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. வழக்கம்போலத் தேய்த்தார், குனிந்தார், தலையாட்டினார். வேலை போய்விடுமே என்ற பயம் முதல் வாரத்தோடு சரி. அப்புறம் மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடக்கிற மாதிரி நாள் நகர்ந்தது.

இடையில் மகளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. வீட்டுக்கு வந்ததும் அவர் மடியில் போட்டு, தலையை மோந்து பாருங்கப்பா என்றாள். குனிந்தார். வெறும் தண்ணீரை மோந்த மாதிரி இருந்தது. "நல்லாருக்கும்மா" என்றார், வேலையில் சொல்கிற அதே குரலில்.

அவர் கொண்டுவரும் தூள் இல்லாமல் மகளுக்குச் சாப்பாடு இறங்காது. எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிஷம் ஊறவைத்து, எண்ணெய் விட்டு அடித்து, வெள்ளரிக்காய் சாலட்டில் ஊற்றுவாள். முட்டையில் தூவுவாள், உருளைக்கிழங்கை அதில் புரட்டுவாள். இப்போது பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கலவையைத் தேய்த்தபோது புதினா நொறுங்கவில்லை, மெத்தென்று மடங்கியது. ஈரம். கெட்டுவிட்டதா என்று மூக்குதான் சொல்ல வேண்டும். பாக்கெட் ஒட்டும் பெண்கள் அவர் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மகளின் சாலட் கிண்ணம் ஞாபகம் வந்தது. மேற்பார்வை பார்ப்பவளைக் கூப்பிட்டார். வயது பார்க்காமல் அவளை எல்லோரும் அக்கா என்பார்கள்.

"அக்கா, இத நீங்க மோந்து பாருங்க. எனக்கு ஒரு மாசமா வாசனையே தெரியல."

அக்கா மோந்துவிட்டு முகம் சுளித்தாள். "பூசணம் பிடிச்சிருக்கு. அப்போ ஒரு மாசமா தலைய மட்டும்தான் ஆட்டிட்டு இருந்தீங்களா?"

அந்த மாதத்துப் பாக்கெட்டுகளைக் கடைகளிலிருந்து திரும்ப வரவழைத்தார்கள். அவரைச் சல்லடைப் பக்கம் மாற்றினார்கள். வருத்தமோ நிம்மதியோ எதுவும் அவருக்கு வரவில்லை.

சாயங்காலம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மகளிடம் எல்லாம் சொன்னார். வீட்டிலிருக்கும் தூளைக் கொட்டிவிடச் சொன்னார்.

"எனக்கு முந்தாநாளே தெரியும்பா" என்றாள் அவள். "அன்னிக்கு இவன் உங்க மடியில வெளிய போய் வீடே நாறுச்சு. நீங்க மட்டும் தட்டிக் கொடுத்துட்டே இருந்தீங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையின் அடியில் கை வைத்துப் பார்த்தார். ஈரமாகத்தான் இருந்தது.