மங்குஸ்தானுக்கு ஊற்றிய தண்ணீர்

மூத்த அக்கா, எங்கள் ராத்தா, அனுப்பிய மங்குஸ்தானைப் பிளந்ததும் விரலெல்லாம் ஊதாக் கறை. கல்முனைக்குடி வீட்டில் வாப்பா வைத்த மரத்தின் முதல் காய்ப்பு.

கடற்கரை மணலில் அது பிழைக்காது என்று ஊரே சிரித்தது. வாப்பா விடவில்லை. தொழுகைக்கு நாங்கள் கைகால் கழுவி வுளு எடுப்பதெல்லாம் அந்தக் கன்றின் அடியில்தான்.

"காய்க்கிற நேரம் இந்த ஊடு மூத்தவள்ற சீதனமாப் போயிரும். நாம வேற ஊட்டில இருப்பம். ஆருக்கு இந்தப் பாடு?" என்பார் உம்மா.

"ஓம், அவளுக்குத்தான். வெறும் ஊட்டையா குடுக்கிற?" என்பார் வாப்பா.

கொட்டையை என் மகள் வுளு எடுக்கும் குழாயடியில் புதைத்தேன்.

"எப்ப வாப்பா காய்க்கும்?" என்றாள்.

"நீ இந்த ஊட்டுக்காரி ஆனதுக்குப் பொறகு. நான் கேட்டு வாங்கித் தின்ன வருவன்."