மட்டையிலிருந்து எவ்வளவு தூரம்

“மட்டையிலேர்ந்து எவ்வளவு தூரம், அக்கா?”

யார் ஜெயிக்கிறார்கள் என்று இந்தம்மா ஒருநாளும் கேட்டதில்லை. இது ஒன்றுதான் கேள்வி. புள்ளிப்பலகையில் எண் மாற்றுகிறவள் நான். பலகையை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு மூச்சுவிட நேரமில்லாத சமயமாகப் பார்த்துத்தான் கேட்பார்.

இவருடைய மகள் கல்லூரி கிரிக்கெட் அணியில் ஆடுகிறாள்; அவள் நிற்கிற இடத்துக்குத்தான் இந்தக் கேள்வி. இவருக்குப் பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. உடைந்த முன்பல்லைக் கைக்குட்டையில் பொதிந்து எடுத்து வருகிறவர்களுக்கு முதலில் கதவைத் திறப்பவர் இவர்தான். “சிரிச்சுக்கிட்டே விளையாடப் போன புள்ளைங்க, அக்கா. வாயப் பொத்திக்கிட்டு வருதுங்க,” என்று சொல்லும்போதே தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

ஃபீல்டிங் இடங்களின் பெயரையெல்லாம் நான்தான் சொன்னேன். அவரோ அவற்றைத் தன் வயிற்றில் வைத்துப் புரிந்துகொண்டார். மகள் எல்லைக் கயிற்றருகே, தர்ட் மேனிலோ லாங் ஆனிலோ நின்றால், டப்பாவைத் திறந்து நிம்மதியாகச் சாப்பிடுவார். பாதி தூரம் உள்ளே, கவருக்கு வந்துவிட்டால் பிசைந்த சோறு பிசைந்தபடியே இருக்கும். மட்டைக்குப் பின்னால் நெருங்கி நிற்கிற ஸ்லிப் என்றால் டப்பாவின் மூடியைத் தேடுவார். மட்டைக்காரியை ஒட்டிக் குந்தி நிற்கிற ஷார்ட் லெக்கை மட்டும் பெயர் சொல்லவே மாட்டார். ‘அந்த இடம்’, அவ்வளவுதான்.

“அங்க எதுக்குக்கா ஒரு ஆளு? அவ்வளவு கிட்டத்துல யாரால பிடிக்க முடியும்?”

“பிடிக்கத்தாம்மா நிறுத்துறாங்க.”

“நல்லா நிறுத்துனாங்க, போங்க!”

இடக்கை ஆட்டக்காரி வந்தால் தொலைந்தது. இந்தப் பக்கம் நின்றவர்களெல்லாம் அந்தப் பக்கம் போவார்கள். மகள் எங்கே போய் நிற்பாள் என்று தெரிகிறவரை இந்தம்மாவால் உட்கார முடியாது. எழுந்து நின்று கையை வீசுவார்: தள்ளிப் போ, இன்னும் தள்ளிப் போ. அந்தப் பெண்ணும், பாவம், ஓரக்கண்ணால் பார்த்து ஓரடி பின்னால் போவாள். கேப்டன் கத்துவாள்.

போன வாரம் அப்படி ஒரு இடக்கைக்காரி வந்தாள். சுழற்பந்து. கேப்டன் மகளைக் கூப்பிட்டுக் கையில் ஹெல்மெட்டைக் கொடுத்தாள். அந்த இடம்தான்.

“தலைக்குப் போட்டாச்சு. கழுத்துக்கு?” என்றார் இந்தம்மா. எழுந்து கையை வீசினார்.

பந்து வீசுகிறவள் ஓடத் தொடங்கினாள். குந்தி நின்ற பெண் மட்டையைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தாள். அம்மாவின் கை என்ன சொல்கிறது என்று தேடினாள். பந்து மட்டையில் பட்டுக் காதோரமாகச் சீறிக்கொண்டு போன பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

இந்தம்மா வீசிய கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ அக்கா, பந்தப் பாக்காம என்னையில்ல பாக்குறா!”

அடுத்த பந்துக்குள் என் பலகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து மைதானம் ஒரு துளிகூடத் தெரியாது. மகள் மறுபடி பெஞ்சைப் பார்த்தாள். அம்மாவின் இடம் காலி. ஒரு கணம் திகைத்தாள். பிறகு முழங்காலை மடக்கி, மட்டையின் பக்கம் திரும்பினாள்.

“பந்தப் பாக்குறாளா, அக்கா?”

“பாக்குறாம்மா.”

பந்து வீசுகிறவளின் காலடி கேட்டது. இந்தம்மா கண்ணை இறுக மூடி, சத்தம் வெளியே வந்துவிடாதபடி புறங்கையைக் கடித்துக்கொண்டார்.