அழுது முடித்த கேஸ்

கல்லூரியில் ஆங்கிலப் பாடத்தில் முதலாவதாக வந்ததற்கு எனக்கு ஒரு அகராதியைப் பரிசாகக் கொடுத்தார்கள். செங்கல் கனம். எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை பார்த்தவள் நான்தான். அதனால் பேருந்தில் உட்கார இடம் இருந்தும், எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று அதை அணைத்தபடி நின்றுகொண்டே ஊருக்கு வந்தேன். அப்பா அதை வாங்கி, கையாலேயே எடை பார்த்துவிட்டு, "இதுல கேஸுன்னு போட்டுக்குதா?" என்று கேட்டார்.

போட்டிருந்தது. வழக்கு, நோயாளி, பெட்டி, உறை, நிலைமை, உதாரணம், இலக்கணத்தில் வேற்றுமை என்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் பக்கத்தோடு அது முடியவில்லை. "அவ்ளோ ஜாஸ்தியா" என்று சொல்லிவிட்டு, நடுவிலேயே எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அவருக்கு அலுத்துப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்தச் சொல்லை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான் இல்லை. எலவனாசூர்கோட்டைக் கடையில் கலர் சோடா பாட்டில்களைக் கேஸ் கேஸாக இறக்குவார்கள், அது ஒன்று. என் தாய்மாமா எதையாவது ஏடாகூடமாகச் செய்துவிட்டு நிற்கும்போது அப்பா, "அது ஒரு மாதிரி கேஸு" என்பார், அது இன்னொன்று. அதுவரை எங்களுக்கு இந்த இரண்டுதான் தெரியும். நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது, இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சுற்றுவட்டார ஊர்களெல்லாம் சாலையில் இறங்கின. புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். அப்படி வெட்டியவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். அவர்மேல் கேஸ் போட்டார்கள். அவர் கல்வராயன் மலைக்கு ஏறி, தெரிந்த ஒரு குடும்பத்தின் சாமைக் காட்டில் ஒளிந்துகொண்டார். "எங்க சித்தப்பா மேல கேஸ் இருக்குது, உங்க சித்தப்பா மேல இருக்குதா?" என்று நான் வகுப்பில் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சித்திக்கு அது தலைப்பிரசவம். மணலூர்பேட்டைப் பக்கம் இருந்த தாய்வீட்டுக்கு அழைத்துப்போக நாள் பார்த்திருந்தார்கள். அதற்குள் சாலைகள் அடைபட்டதால் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஒரு நாள் காலையில் வலி எடுத்தது. துணைச் சுகாதார நிலையத்து நர்சம்மா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டே, "புள்ள குறுக்கால கெடக்குது. இது ஆஸ்பத்திரி கேஸும்மா, என் கையில இல்ல. கள்ளக்குறிச்சிக்கு இட்டுக்கினு போயிடுங்க" என்றார்.

அப்பா உளுந்தூர்பேட்டைப் பக்கத்து மறியலில் இருந்தார். எங்களைப் பார்க்க வந்து மாட்டிக்கொண்ட மாமாதான் வண்டி பூட்டினார். அம்மா சித்தியைப் பிடித்து ஏற்றி, கூடவே ஏறிக்கொண்டாள். சித்தி என் கையைப் பிடித்திருந்ததால் நானும் ஏறினேன். இறக்கிவிட யாருக்கும் நேரமில்லை.

சாலையில் இரண்டு பெரிய மரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. தலையில் துண்டு கட்டிய ஓர் இளைஞன் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தான்.

"பிரசவ கேஸு தம்பி. நாங்களும் நம்ம ஆளுங்கதான்" என்றார் மாமா.

"எல்லாந்தான் நம்ம ஆளுன்னு வரான். நேத்து இப்பிடித்தான் சீரியஸ் கேஸுன்னு ஒரு வேனு வந்துது. தொறந்து பாத்தா உள்ள லத்தியோட குந்திக்கினு இருக்கானுங்க. இனிமே கேஸுன்னு எவன் வந்தாலும் உடறதில்லன்னு பேசி வெச்சிக்கிறோம்."

"உள்ள பாருப்பா. பொம்பள துடிக்கிறா."

அவன் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். இந்த வண்டிக்கு ஓரத்தில் வழி திறந்தால் பின்னாலேயே ஜீப் வரும் என்றான். மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "பொணம் வந்தா வழி உடுவோம். அது வழக்கம். மத்ததுக்கு இல்ல, திருப்பு திருப்பு" என்றார்.

மாமா வண்டியைத் திருப்பினார். கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டகை வரை வந்ததும் நிறுத்தி, தன் வேட்டியின் கரையை நீளமாகக் கிழித்தார். முதலில் புரியாமல் பார்த்த அம்மா, புரிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாண்டா. உசுரோட இருக்கறவளுக்குச் செய்யிற காரியமா இது?"

"வேற வழி இருந்தா நீ சொல்லுக்கா."

சித்திதான் முடிவு செய்தாள். "கட்டுங்கக்கா" என்றாள். பேச முடியாதபடி தாடையைச் சேர்த்துத் தலைக்குமேல் முடிச்சுப் போட்டார்கள். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். அம்மா நெற்றியில் காசு வைத்தாள். கொட்டகை ஓரத்து அரளியைப் பறித்து மாமா மேலே போட்டார். "சித்திக்கு ஒண்ணுமில்ல. நீ மட்டும் சிரிச்சிடாத" என்று என்னிடம் சொன்னார்கள். கூத்துக்கு வேஷம் கட்டுவதைப் பார்த்த மாதிரிதான் எனக்கு இருந்தது. போர்வைக்குள் சித்தியின் கை என் கையைப் பிடித்திருந்தது.

வண்டி நகர்ந்ததும் அம்மா ஒப்பாரியைத் தொடங்கினாள். எங்கள் ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். முதலில் சும்மா இழுத்தாள். பிறகு, சித்தி மருமகளாக வந்த அன்று உடுத்தியிருந்த சேலையின் நிறம், அவள் பிசையும் புளிச்சோறு, மலையில் இருக்கிற புருஷன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள். சித்தியின் விரல்கள் என் கையை நெரிக்கும்போதெல்லாம் அம்மாவின் குரல் மேலே ஏறியது. போர்வைக்குள்ளிருந்து வந்த முனகலை அந்தக் குரல் மூடிவிட்டது.

மறியலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அந்த இளைஞன் தலைத்துண்டை அவிழ்த்தான். உயர்ந்திருந்த வயிற்றைப் பார்த்ததும் ரோட்டிலேயே உட்கார்ந்து, "நான்தான் மறிச்சேன், நான்தான் மறிச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டான். பெரியவர் கும்பிட்டார். மாமா அவர்களிடம், "அவ ஆத்தா வூடு மணலூர்பேட்டப் பக்கம். மொகத்தயாவது காட்டிடறோம்" என்றார். அவர்கள் மாட்டை அவிழ்த்து, எங்களோடு சேர்த்து வண்டியைத் தோள்கொடுத்துத் தூக்கி, சாலையோரப் பள்ளத்தின் வழியாக மரங்களுக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். உயிரோடு கேட்டபோது கிடைக்காத வழி அது.

இத்துடன் கட்டை அவிழ்த்துவிடலாம் என்றுதான் மாமா நினைத்திருந்தார். ஆனால் அந்த இளைஞன் விடவில்லை. செய்த பாவத்துக்குத் தன்னால் ஆனது என்று வண்டிக்கு முன்னால் நடந்தான். "பொணம் வருது, வழி உடுங்க" என்று கத்திக்கொண்டே போய், அடுத்தடுத்து மரம் கிடந்த இடங்களிலெல்லாம் ஆள் சேர்த்து வண்டியைக் கடத்திவிட்டான். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அதனால் சித்தி செத்துக்கொண்டே வந்தாள். அம்மாவின் தொண்டை கட்டிவிட்டது. கட்டிய பிறகும் அழுதாள்.

தியாகதுருகம் வந்தது. மணலூர்பேட்டைக்கு அங்கேதான் திரும்ப வேண்டும். அவன் கடைசிவரை கூடவே வருகிறேன் என்றான். அவனைக் கழற்றிவிட மாமாவுக்கு அவசரத்தில் ஒன்றுதான் தோன்றியது. "எங்கூட வந்து இன்னா செய்யப்போற? எங்க ஊருக்குப் போயி சேதி சொல்லிடுப்பா, அது புண்ணியமாப் போவும்" என்று ஊர்ப் பெயரையும் அப்பா பெயரையும் சொன்னார். அவன் சித்தியின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓடினான்.

அங்கிருந்து கள்ளக்குறிச்சி வரை சாலையில் மரங்கள் இல்லை. அம்மா தாடைக் கட்டை அவிழ்த்தாள். சித்தியின் உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. என் கையைப் பிடித்திருந்த பிடி எப்போது தளர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கால் முடிச்சு இறுகிப்போய் அவிழவே இல்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் அந்த விரல்களைப் பார்த்துவிட்டு, "டெத் கேஸ இன்னாத்துக்குய்யா இங்க எறக்கற?" என்று வண்டியை மறித்தார். உயிர் இருக்கிறது என்று மாமா கத்தினார். பிணத்தைக் கட்டுவது போலக் கட்டிக்கொண்டு வந்து கலாட்டா செய்கிறான் என்று அவர் கத்தினார். சத்தம் கேட்டு ஒரு டாக்டரம்மா வெளியே வந்தார். நாடியைப் பார்த்தார். "ஆபரேஷன் கேஸ், தூக்குங்க" என்று மட்டும் சொன்னார். கால் கட்டை உள்ளே கத்தரியால் வெட்டினார்களாம்.

குழந்தை உள்ளேயே இறந்திருந்தது. சித்தி பிழைத்துக்கொண்டாள். வார்டில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. "அந்தச் செத்துப் பொழச்ச கேஸுக்குக் கஞ்சி குடுத்தாச்சா?" என்பார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்களிடம் எல்லாம் அந்தக் கேஸ் எங்கள் சித்திதான் என்று சொன்னேன்.

மரங்களை அகற்றிய பிறகு அப்பா வந்தார். வார்டுக்குள் வராமல் வராந்தாவிலேயே நின்றார். அம்மா வெளியே போனாள். நான் கதவோரம் நின்றேன்.

"சேதி வந்த அன்னிக்கே ஊரே தல முழுவிடுச்சி. நானும் முழுவிட்டேன்" என்றார் அப்பா.

"இப்பதான் உசுரோட இருக்காளே."

"பஞ்சாயத்துல பேசிட்டாங்க. அழுது முடிச்ச கேஸு அது. பொணமா எல்லையத் தாண்டினவள திரும்ப வூட்டுல சேத்தா இன்னொரு உசுரக் கொண்டுக்கினு போவும்ங்கறாங்க. மலைக்கும் ஆளு அனுப்பிக் கேட்டோம். எந்தம்பியும் வேணான்னுட்டான்."

"நான்தான அழுதேன். பொய்யாதான அழுதேன்" என்றாள் அம்மா.

"அழுவையில பொய்யி இன்னா, நெசம் இன்னா."

மாமாவும் அங்கேதான் இருந்தார். தூணில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தியைத் தாய்வீட்டுக்கு மாமாதான் கூட்டிப்போனார். பிள்ளை பெற்றவர்கள் அம்மா வீட்டில் கொஞ்ச காலம் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் வருத்தமில்லை. ஆற்றுத் திருவிழாவுக்கு நான் அங்கே வருவேன் என்றேன். "வா" என்று சொல்லி, சித்தி என் கன்னத்தைத் தடவினாள்.

நாங்கள் வீடு திரும்பிய மறுநாள், ஊரில் துணி வெளுக்கிறவள் வாசலில் வந்து நின்றாள். சாவு விழுந்த வீட்டில் செத்தவர் உடுத்தியதை அவளுக்குத்தான் கொடுப்பார்கள். அம்மா சித்தியின் பெட்டியைத் திறந்து, கல்யாணச் சேலை உட்பட எல்லாவற்றையும் எடுத்து, ஒவ்வொன்றாக மடிப்புச் சரிசெய்து அவளிடம் கொடுத்தாள். சித்தி திரும்பி வரும்போது எல்லாமே புதிதாக எடுத்துத் தருவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, எனக்கும் ஒரு பாவாடை வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன்.