ரப்பரால் அழித்த ஓடை

பாட்டுப் பாடும் ஓடையைத் தாண்டும்போது நாம் ஏன் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம்? மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஜெனி இதைக் கேட்டு மூன்று வாரமாகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. அவளுடைய ஆங்கிலப் பாடத்தில் ஒரு பழைய கவிதை. மலையில் பிறந்த ஓடை பாடிக்கொண்டே ஊர் ஊராகப் போகிறது. ஜெனிக்குத் தெரிந்த ஒரே ஓடை, பெங்களூரில் எங்கள் வாடகை வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே கம்பிவேலிக்குள் கிடக்கும் ராஜகாலுவே என்ற மழைநீர்க் கால்வாய். பெயரில்தான் ராஜா, வருவதெல்லாம் சாக்கடை.

'ஓடை உன்னிடம் என்ன சொல்கிறது? ஐந்து வரி எழுதுக' என்பது வீட்டுப்பாடம். நான் ரசத்துக்குப் புளி கரைப்பதற்குள் அவளே எழுதி முடித்துவிட்டாள்: எங்கள் ஓடை பாடாது, இருமும். அதில் ஒரு மெத்தை கிடக்கிறது. காலையில் கொக்கு வந்து மெத்தைமேல் நிற்கும். மழை பெய்தால் ஓடை கோபித்துக்கொண்டு ரோட்டுக்கு வரும். அது எங்கே போகிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

படித்ததும் எனக்கு வியர்த்தது. பிழைக்க வந்த ஊரைக் குறை சொல்கிறோம் என்று மிஸ் நினைத்துவிட்டால்? ரப்பரை எடுத்து ஐந்து வரியையும் அழித்தேன். "ஓடை மனித வாழ்க்கையைக் குறிக்கிறது. தடைகளைத் தாண்டி ஓடுகிறது. விடாமுயற்சியைக் கற்றுத்தருகிறது" என்று மூச்சுவிடாமல் சொல்ல, அவள் எழுதினாள்.

அது நான் ஆம்பூரில் ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்த பதில். பாலாற்றின் நட்டநடுவில் உட்கார்ந்து படித்தேன். ஆற்றுக்குள் எப்படி உட்கார்ந்தாய் என்று எங்கள் பக்கத்தார் கேட்க மாட்டார்கள்; அங்கே இருந்தது மணல். ஓடும் தண்ணீரைக் குழாயில் மட்டுமே பார்த்திருந்த நான், ஓடையின் சலசலப்பைப் பற்றி எழுதிப் பத்துக்கு ஒன்பது வாங்கினேன். அந்த ஒரு மதிப்பெண் எங்கே போனது என்று ஒரு வாரம் அழுதேன்.

எழுதவைத்த பிறகு மனம் உறுத்தியது. பதிலையாவது உண்மையாக்கிவிடலாம் என்று ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜெனியுடன் ஆட்டோ ஏறினேன். பக்கத்தில் நல்ல ஓடை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஓட்டுநர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

"சைட்டு வாங்கறீங்களா மேடம்? காலுவே பக்கம் மட்டும் வேணாம், வீடு கட்டினா கார்ப்பரேஷன்ல இடிச்சிருவாங்க."

"இல்லீங்க, பாப்பாவுக்கு ஓடை காட்டணும்."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "அதுக்கா ஆட்டோ? ஒரு மழை வரட்டும், எங்க ரோட்லயே ஓடும். டிக்கெட்கூடக் கெடையாது."

ஜெனி விழுந்து விழுந்து சிரித்தாள். ஓடைக்குப் பதில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் பள்ளி விட்டதும் வாசலில் மிஸ் என்னை நிறுத்தினார். "ஜெனியோட ஆன்சர் ரொம்பப் பாசிட்டிவ்வா இருந்துச்சு மேடம்."

"தேங்க்ஸ் மிஸ்" என்று பூரித்தேன்.

"பாதி கிளாஸ் அதையேதான் எழுதியிருக்கு. எல்லா வீட்டு ஓடையும் தடையைத் தாண்டுது. நீ என்ன தடை பார்த்தேன்னு ஜெனிகிட்ட கேட்டேன். எங்கம்மாவைக் கேளுங்க மிஸ்னு சொல்றா."

அன்று மாலை ஜெனியிடம் மன்னிப்புக் கேட்டு, பழைய ஐந்து வரியையே திரும்ப எழுதச் சொன்னேன். "அது தப்பு. நீதானே அழிச்சே" என்றாள். நோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நான் சொன்ன வரிகளுக்கு அடியில், அவள் முதலில் எழுதியபோது பென்சில் அழுத்திய தடம் தெரிந்தது. மேலே ஓடுவது நான் ஆம்பூரில் பார்க்காத ஓடை. கீழே தேய்ந்து கிடப்பது அவள் தினமும் பார்க்கும் ஓடை.

நேற்று மழையைப் பற்றி ஐந்து வரி எழுதவேண்டியிருந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பாமல், பென்சிலோடு என் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "நீ சொல்லும்மா, நான் எழுதறேன்."

இதைப் படிக்கும் அம்மாக்களே, அப்பாக்களே, அவளை மறுபடி ஜன்னல் பக்கம் திருப்ப நான் என்ன செய்யவேண்டும்? உங்கள் வீட்டில் செய்து பார்த்ததை எழுதுங்கள். மனப்பாடப் பதில் மட்டும் வேண்டாம்; என்னிடமே நிறைய இருக்கிறது.