பெல்ட் போட்ட பலாப்பழம்

"...அழுத பிள்ளைதானே அண்ணை பால் குடிக்கும்!" என்றபடி, வாடகைக் காரின் சாரதி செல்வன் முன்சீட்டில் இருக்கும் பலாப்பழத்துக்குப் பெல்ட் மாட்டிவிடுகிறான். பாரத்தை ஆளென்று எண்ணிக் கீச்சிட்டுக்கொண்டிருந்த கார் உடனே வாயை மூடுகிறது.

சாவகச்சேரிச் சந்தையில் அவன் தேடி வாங்கிய பழம். இணுவிலில் இருக்கும் அவனுடைய அக்கா வீட்டுக்குப் போகிறது. என்னை அதற்குத் துணையாகப் பின்சீட்டில் ஏற்றியிருக்கிறான் போலும்.

சாரதியின் பக்கம் மட்டும் ஏன் அழவில்லை என்று எட்டிப் பார்க்கிறேன். அவனுடைய பெல்ட், முதுகுக்குப் பின்னால் வெறும் சீட்டைக் கட்டிப்பிடித்துக் கிடக்கிறது.

"தம்பி, உமக்குப் பெல்ட் வேண்டாமோ?"

"உது நெஞ்சை இறுக்குது அண்ணை. உப்பிடிப் பூட்டிவிட்டா காருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

கைதடி தாண்டியதும் ஒரு மாடு குறுக்கே வருகிறது. செல்வன் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறான். என்னை என் பெல்ட் பிடித்து நிறுத்துகிறது. அவன் நெஞ்சு ஸ்டியரிங்கில் போய் மோதுகிறது. பலாப்பழம் அசையவே இல்லை.

"ஐயோ தம்பி, பலமா அடிபட்டிட்டுதோ?"

"இல்லை அண்ணை, பழத்துக்கு ஒண்டுமில்லை" என்கிறான். பிறகு ஒரு கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டே, மறு கையால் பழத்தின் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடுகிறான்.