ஆட்டுக் கூரையில் ஜான் பீ

பென்னாகரம் சினிமாக் கொட்டகையில் விளம்பரப் படம் வரைந்த தஸ்தகீரைப் பற்றி வரலாற்று ஆசிரியர்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தப் பெருங்குறையை இங்கே தீர்த்துவைக்கிறேன்.

டிக்கெட் ஜன்னலுக்கு மேலே ஒரு தகரப் பலகை. வியாழக்கிழமை வெள்ளையடித்துப் பழைய கதாநாயகியை மறைப்பார். வெள்ளிக்கிழமை அதன்மேலேயே புதியவள் எழுந்தருளுவாள். கதாநாயகர்களுக்கு மீசையை மாற்றினால் போதும் என்பது அவர் கண்ட சித்தாந்தம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் மனைவி ஜான் பீ காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். மகள் ஷகிலாவுக்கு அப்போது இரண்டு வயது. ஜான் பீ போட்டோவுக்கு வெட்கப்பட்டவள், ஒரு படம்கூட இல்லை. அந்த வெள்ளிக்கிழமை பலகையில் கதாநாயகி இடத்தில் ஜான் பீ நின்றாள், மூக்கோரத்து மச்சத்தோடு.

கொட்டகை முதலாளி பெரியண்ணன் அண்ணாந்து பார்த்தார். "ஏம் பாய், இந்தம்மா எந்தப் படத்துல நடிச்சிருக்குது?"

"எங்க வூட்டுலங்க. ஏழு வருசம் ஓடுச்சு."

பெரியண்ணன் பலகையை அப்படியே விட்டுவிட்டுக் கல்லாவுக்குப் போனார். ஆனால் வாரம் முடிந்து கொட்டகையில் படம் மாறியது. வியாழக்கிழமை தஸ்தகீரே வெள்ளையடித்தார், தொழில் சுத்தம். அதற்கப்புறம் வந்த நாயகிகளுக்கெல்லாம் ஜான் பீயின் கண்ணோ மோவாயோ வாய்த்தது. சண்டைக் காட்சிக்கு வந்த ரசிகர்கள் ஆட்சேபிக்கவில்லை.

மறுவருடம் துணி பேனர் வந்தது. பலகை, கொட்டகைக்குப் பின்னால் ஆடு வளர்த்த குள்ளம்மாளின் பட்டிக்குக் கூரையானது. நாற்பது நாயகிகளின் நிழலில் அசைபோடும் பாக்கியம் இந்த ஜில்லாவில் வேறு ஆடுகளுக்குக் கிடைத்ததில்லை.

எழுபத்தொன்பதில் ஷகிலாவுக்கு நிக்காஹ். "அம்மா மொகத்த ஒரு தரம் பாத்துட்டுப் போறேன் பா," என்றாள்.

புதிதாக வரையலாமே என்பீர்கள். வரைந்தார், ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு நடிகை வந்து நின்றாள்.

குள்ளம்மாளிடம் போனார். "எடுத்துக்கங்க பாய். இத்தன வருசமா ஆடு நனையாம பாத்துக்கிட்ட மகராசிங்க," என்றாள் அவள்.

பலகையை இறக்கி, மண்ணெண்ணெய் தடவிக் கத்தியால் சுரண்டினார். போலீஸ் தொப்பி உதிர்ந்தது. குதிரை உதிர்ந்தது. ஒரு கண் வந்தது.

"இதுவா பா அம்மா?"

"கண்ணு அவளோடதுதான். மூக்கு வேற படம்."

ஒரு மோவாய் வந்தது. அதன்மேல் வில்லனின் மீசை இருந்தது. ஷகிலா சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. மச்சம் எங்கேயும் வரவில்லை. கத்திக்குக் கீழே துருப்பிடித்த தகரம் தெரிந்தது.

"போதும் பா. கை நோவும்."

"இரும்மா. இன்னும் ஒரு படம் இருக்குது. அதுக்கு அடியிலதான் அவ," என்று தஸ்தகீர் வெறும் தகரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.