நாய்க்கென்று கேட்டு வாங்கிய எலும்பு

துறைமுகத்தில் நிலக்கரி இறக்கப் போன என் வீட்டுக்காரர், ஒருநாள் மத்தியானம் துண்டில் சுற்றி ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாட்டுவண்டிச் சக்கரம் ஏறி அதன் பின்னங்கால் முறிந்திருந்தது. ராயபுரத்தில் எங்களுக்கு இருந்தது ஒற்றை அறை.

"எலும்பு வேகவச்ச தண்ணி குடுத்தா கால் கூடிக்கும்மே. கறிக்கடை பாயைக் கேளு. நாய்க்குன்னா சும்மாவே தருவாரு."

பாய் தந்தார். கறியெல்லாம் வழித்தெடுத்த மூட்டெலும்புகள். அம்மிக் குழவியால் உடைத்து, சட்டி நிறையத் தண்ணீர் விட்டுக் காலையில் அடுப்பில் ஏற்றினால் சாயங்காலம்தான் இறக்குவேன். நாய்க்கு உப்பு ஆகாது, வெங்காயம் ஆகாது என்பார் அவர். ஆறியதும் மேலே படிந்த கொழுப்பை வழித்துவிட்டு, சில்லு எதுவும் தொண்டையில் சிக்காதபடி பழைய வேட்டித் துணியில் வடிகட்டுவேன். அது நக்கி நக்கிக் குடிப்பதை அவர் குந்தி உட்கார்ந்து பார்ப்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

நாய்க்குக் கால் கூடியது. அவருக்கு இருமல் வந்தது. இருமலில் ரத்தம் வந்ததும் வேலை போனது. ஆஸ்பத்திரியில் டி.பி. என்றார்கள். பால், முட்டை, சூப்பு கொடு என்றார் டாக்டர். மிளகாய் மண்டியில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவள் நான். எதற்கு எங்கே போவேன்?

பாயிடம்தான் போனேன். "நாய்க்கு எலும்பு குடுங்க பாய்" என்றேன். வாய் கூசியது. ஆனாலும் தினமும் கேட்டேன். முதலில் இறங்கும் சாற்றில் உப்பும் மிளகுத்தூளும் போட்டு அவருக்குக் கொடுத்தேன். அதே எலும்பில் மறுபடி தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து நாய்க்கு ஊற்றினேன்.

"நல்லா கீதும்மே. எங்க வாங்கின?"

"கடையிலதான்." அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. எழுந்து வாசல்வரை நடந்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து பாய் அவரைப் பார்க்க வந்தார். என் வீட்டுக்காரர் கையில் சூப்பு டம்ளர். காலடியில் நாய்.

"இன்னா நைனா, வூட்ல தெனமும் எலும்பு வாங்கிகினு போறாங்க, நாயி இப்படி எளச்சுப்போயி கீது?"

அவர் நாயைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். பாய்க்கும் புரிந்துவிட்டது. தலை குனிந்தபடி எழுந்து போனார்.

"நாய்க்குன்னா கேட்டு வாங்கின?"

"வேற இன்னாய்யா சொல்றது? ஆளுக்குன்னு கேட்டா யாரு தருவா?"

"வாயில்லாத ஜீவன். அதும் வாயிலேருந்து புடுங்கிக் குடிச்சிகினு இருந்திருக்கேனே."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதார். டம்ளரை நாயின்முன் வைத்தார். அது மிளகுக் காரத்தில் தும்மிவிட்டுக் குடித்தது.

மறுநாள் பாய் சதையோடு எலும்பைப் பொட்டலம் கட்டித் தந்தார். "இது அவருக்குத்தான் தங்கச்சி. நீ அப்பவே என்னாண்ட சொல்லியிருக்கணும்" என்றார். சமைத்தேன். கெஞ்சினேன். காலைப் பிடித்தேன். "அதுக்கு ஊத்து" என்பதற்குமேல் அவர் பேசவில்லை. கஞ்சித் தண்ணீரிலேயே மூன்று வாரம் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

சூப்பு குடித்திருந்தாலும் பிழைத்திருக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். அப்படி நினைக்க முடிகிற நாட்கள் குறைவு.

காரியம் முடிந்தபின்னும் நாய் வேளை தவறாமல் அடுப்பின்முன் வந்து உட்கார்ந்தது. அந்தச் சட்டியைத் தொட என்னால் முடியவில்லை. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் விறகுக் கட்டையால் அடித்தேன். அது கத்தவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது. மறுபடி ஓங்கினேன். தெருவில் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டது.

சாயங்காலம் தேடிக்கொண்டு பேசின் பிரிட்ஜ் வரை நடந்தேன். கிடைக்கவில்லை.